மான் வேட்டைக்கு முதல் ரைஃபிள்: தொடக்கக்காரருக்கு எந்த கேலிபர் பொருந்தும்?

மார்சிலிங் மணியன் | 6 அக்டோபர், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். என் மனைவிக்கு டனீடினில் வேலை கிடைத்திருப்பதால், வரும் பிப்ரவரியில் குடும்பத்தோடு நியூசிலாந்தின் தென்தீவுக்குக் குடிபெயர்கிறோம். அவர் சேரப்போகும் பணியிடத்தில் பாதிப்பேர் மான் வேட்டைக்குப் போகிறவர்கள். ஆண்டு முழுவதும் வீட்டுக்கு வேண்டிய இறைச்சியைக் காட்டிலிருந்தே கொண்டுவருவதாகச் சொல்கிறார்கள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. முறைப்படி உரிமம் பெற்று, ஒரே ஒரு ரைஃபிள் வாங்கி, அதையே பல ஆண்டுகள் வைத்துக்கொள்ள எண்ணியிருக்கிறேன்.

என் துப்பாக்கி அனுபவம் சிங்கப்பூர் தேசிய சேவையில் (கட்டாயப் படைப்பணியில்) கையாண்ட எஸ்ஏஆர் 21 என்ற படைத் துப்பாக்கி மட்டுமே. மார்க்ஸ்மன், அதாவது சிறந்த குறியாளர், தேர்ச்சி பெற்றவன் என்பதால் குறிபார்ப்பது எனக்குப் புதிதன்று. ஆனால் எதைச் சுடுவது என்று தேர்ந்தெடுக்கும் வேலை அங்கே நமக்கு இருந்ததில்லை, கொடுத்ததைச் சுட்டோம். இப்போது .223, .243, 6.5 கிரீட்மூர், 7மிமீ-08, .270, .308, 30-06 என்று எண்களைப் படிக்கப் படிக்கத் தலை சுற்றுகிறது. என் உயரம் 165 செ.மீ., எடை 61 கிலோ. நாங்கள் போகும் பக்கத்தில் சிவப்பு மானும் ஃபாலோ மானும் உண்டு என்று அறிகிறேன். இவற்றுக்கு எது பொருந்தும்? எஸ்ஏஆர் 21இன் 5.56 மிமீ தோட்டா பழகிய கைக்கு அதற்கு இணையான .223 போதாதா?

தென்தீவு வாசி | 7 அக்டோபர், காலை 6.15

மணியன் தம்பிக்கு வணக்கம். சிங்கப்பூர் ஈசூனிலிருந்து இங்கே வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. நீங்கள் கேட்கும் கேள்வியை நானும் வந்த புதிதில் கடைக்காரர்களிடமெல்லாம் கேட்டுத் திரிந்தவன்தான்.

முதலில் ஒரு சொல்லைப் பிரித்துக்கொள்வோம். கேலிபர் என்பது குழலின் உள்விட்டத்தையோ குண்டின் விட்டத்தையோ குறிக்கும் அளவு மட்டுமே. உறை, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழுத் தோட்டாவின் வகை வேறு சங்கதி. .308 வின்செஸ்டர், 30-06, .300 வின்செஸ்டர் மேக்னம் ஆகிய மூன்றும் 0.308 அங்குல விட்டமுள்ள குண்டைத்தான் தள்ளுகின்றன, ஆனால் பின்னாலிருக்கும் மருந்தின் அளவு மாறுவதால் வேகமும் மாறுகிறது, தோளில் விழும் உதையும் மாறுகிறது. ஒன்றுக்குரிய தோட்டாவை மற்றொன்றில் போடவே கூடாது. ஆகவே நீங்கள் உண்மையில் தேர்ந்தெடுக்கப்போவது தோட்டாவை. கேலிபர் அதனோடு கூடவே வந்துவிடும்.

உங்கள் பட்டியலில் மூன்று, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். 1952இல் விற்பனைக்கு வந்த .308 தோட்டாவின் உறைக் கழுத்தைச் சுருக்கி, சிறிய குண்டு பொருத்தி 1955இல் .243 செய்தார்கள், இரண்டுக்கும் நடுவில் விடுபட்டிருந்த இடத்தை 1980இல் 7மிமீ-08 நிரப்பியது. 30-06 அவற்றுக்கெல்லாம் மூத்தது, 1906இல் பிறந்தது; .270 அதன் வாரிசு, 1925. நூறாண்டு தாண்டியும் இவை கடைகளில் கிடைக்கின்றன என்றால், மானுக்கு இவற்றில் எதுவும் போதாமல் போகவில்லை என்றுதான் பொருள். மான் என்னவோ 1906இல் இருந்த அதே மான்தான்.

.223 பற்றிக் கேட்டீர்கள். படையில் நாம் சுட்டது முழு உலோக உறையிட்ட குண்டு. அது விரிவதற்காகச் செய்யப்பட்டதன்று. வேட்டைக்கு, உடலில் பட்டவுடன் காளான்போல் விரிந்து, நெஞ்சறையில் அகலமான காயத்தை உண்டாக்கி, விலங்கை விரைவாக வீழ்த்தும் குண்டு வேண்டும். அத்தகைய குண்டுகள் .223இலும் கிடைக்கின்றன, அதைக் கொண்டு மான் சுடுவோர் இங்கே நிறையவே இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் இருபது முப்பது ஆண்டுகளாகக் காட்டில் திரிந்தவர்கள். கோணம் சரியில்லை என்றால் விசையைத் தொடாமல் துப்பாக்கியை இறக்கிவிடுவார்கள். வழக்கமான .223 குண்டு மூன்றரை கிராம். 7மிமீ-08இன் 140 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் சிற்றளவு) குண்டு ஒன்பது கிராம். தோள் எலும்பில் பட்டாலும் உள்ளே போகும் என்ற நம்பிக்கை ஒன்பது கிராமுக்கு உண்டு. தொடக்கக்காரருக்கு அந்த இடைவெளி தேவை.

இங்கே மரமடர்ந்த காட்டில் பெரும்பாலும் நாற்பது முதல் எண்பது மீட்டருக்குள் சுடுவோம். மலைமேல் திறந்த புல்வெளிகளில் இருநூறு, இருநூற்றைம்பது. பிணைமான் (பெண்) நூறு கிலோவை ஒட்டி இருக்கும், நல்ல கலைமான் (ஆண்) அதைவிட வெகு கூடுதல். இந்த இரண்டு வகை இடத்துக்கும் இந்த உடலுக்கும் என் பரிந்துரை 7மிமீ-08. அது கிடைக்காவிட்டால் .308, சிற்றூர்க் கடையில்கூட அதற்குத் தோட்டா இருக்கும்.

இரும்புத்தோள் | 7 அக்டோபர், பிற்பகல் 1.05

ஒரே துப்பாக்கிதான் வாங்கப்போகிறார் என்றால் .300 வின்செஸ்டர் மேக்னம் வாங்குவதுதான் அறிவுடைமை. இன்று ஃபாலோ, நாளை பெரிய கலைமான், மறுநாள் மலைச்சரிவில் முந்நூறு மீட்டர். பெரியதைக் கொண்டு சிறியதைச் சுடலாம், சிறியதைக் கொண்டு பெரியதைச் சுட முடியாது. உதை பெரிது என்பார்கள். அதெல்லாம் மனத்தில்தான் இருக்கிறது. பொதுநோக்கு இயந்திரத் துப்பாக்கியைச் சுமந்து மலையேறிய தோளுக்கு இது ஒரு பொருட்டா?

கணக்கர் | 7 அக்டோபர், இரவு 10.20

இரும்புத்தோள் ஐயா இதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மனத்தில் இருப்பதைக் கணக்கில் போட்டுப் பார்த்தேன்.

சுடும்போது முன்னால் போகும் குண்டும் எரிந்த வாயுவும் கொண்டுபோகும் உந்தம், அதே அளவில் துப்பாக்கியைப் பின்னால் தள்ளுகிறது. துப்பாக்கியின் எடை தெரிந்தால் அது பின்வாங்கும் வேகமும், அதிலிருந்து பின்னுதைப்பின் ஆற்றலும் கிடைத்துவிடும். வாயுவின் வேகத்துக்கு வழக்கமாகக் கொள்ளும் நொடிக்கு 1,220 மீட்டரை எடுத்துக்கொண்டேன். நான்கு கிலோ எடையுள்ள 5.56 துப்பாக்கியில், அதாவது மணியனின் தோளுக்குப் பழகியதில், ஏறத்தாழ 4 ஜூல். மற்றவற்றுக்கு ஸ்கோப்புடன் (குறிபார்க்கும் தொலைநோக்கியுடன்) 3.4 கிலோ என்று வைத்தால், 100 கிரெய்ன் குண்டுடன் .243 ஏறத்தாழ 12 ஜூல். 140 கிரெய்னுடன் 6.5 கிரீட்மூர் 17, 7மிமீ-08 19, 150 கிரெய்னுடன் .308 21. ஐயா பரிந்துரைக்கும் .300 மேக்னம், 180 கிரெய்ன் குண்டுடன், 38 ஜூலைத் தாண்டுகிறது. மருந்தின் அளவுக்கேற்ப இவை சற்றே ஏறி இறங்கும், வரிசை மாறாது.

படையில் பழகியதைவிட .308 ஐந்து மடங்கு, .300 மேக்னம் ஒன்பது மடங்குக்கும் மேல். இயந்திரத் துப்பாக்கியை எடுத்துக்காட்டியதும் பொருந்தாது. பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட எடையும் இருகாலியும் உதையை விழுங்கிவிடும். வேட்டை ரைஃபிளில் விழுங்குவதற்கு இருப்பது உங்கள் தோள்தான்.

மறுமுனையில் என்ன கிடைக்கிறது என்றும் பார்க்க வேண்டும். குழல்வாயில் .243இன் ஆற்றல் ஏறத்தாழ 2,640 ஜூல், .308இன் ஆற்றல் 3,590, .223இன் ஆற்றல் 1,740. .223இலிருந்து .243க்குப் போகும்போது பெறுவது மிகப் பெரிது, உதையில் கொடுக்கும் விலையோ சிறிது. .308இலிருந்து மேக்னத்துக்குப் போகும்போது விலை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. எண்பது மீட்டரில் நிற்கும் பிணைமானுக்கு அந்த வித்தியாசம் தெரியப்போவதில்லை.

கயல் | 8 அக்டோபர், காலை 11.30

எல்லாரும் எண்களைப் பேசுகிறீர்கள். நான் சிங்கப்பூரில் இருந்துகொண்டே, கணவரோடு ஐந்து முறை நியூசிலாந்துக்குச் சென்று, வழிகாட்டியின் நேரடி மேற்பார்வையில் வேட்டையாடியவள். என் உயரம் 154 செ.மீ. மூன்று மான்களை வீழ்த்தியது .243, மூன்றும் சுட்ட இடத்திலிருந்து முப்பது மீட்டருக்குள் விழுந்தன. ஆகவே என் வாக்கு .243க்குத்தான், ஆயினும் நான்காவது மானைப் பற்றிச் சொல்லாமல் அந்த வாக்கைப் போட்டால் அது நேர்மையாகாது.

அந்த முறை வேறொரு வழிகாட்டி, வேறொரு துப்பாக்கி, அதுவும் .243தான். பெட்டியில் இருந்த தோட்டாக்களை நான் பார்க்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தொண்ணூறு மீட்டரில், சற்றே முன்புறமாகத் திரும்பி நின்ற சிவப்புப் பிணை. நன்றாகத்தான் சுட்டேன் என்று நினைத்தேன், மான் தடுமாறி எழுந்து காட்டுக்குள் ஓடிவிட்டது. இரண்டு மணி நேரம், பாசியில் ஒரு சொட்டு இங்கே, பெரணி இலையில் ஒரு துளி அங்கே என்று பார்த்துப் பார்த்து நடந்து, கடைசியில் ஓடைக்கரையில் அது படுத்திருந்ததைக் கண்டோம். இன்னும் உயிர் இருந்தது. இரண்டாவது குண்டை நான் சுடவில்லை, வழிகாட்டி சுட்டார். என் கை அதற்குள் என் வசத்தில் இல்லை.

தோலை உரித்தபோதுதான் காரணம் தெரிந்தது. முயலுக்கும் சிறு பிராணிகளுக்கும் உரிய 58 கிரெய்ன் குண்டு அது; பட்ட மாத்திரத்தில் சிதறுவதற்கென்றே செய்யப்பட்டது. தோள் எலும்பில் மோதி மேற்பரப்பிலேயே பொடிந்துவிட்டது, நுரையீரலைச் சென்று சேர்ந்தவை சில சில்லுகளே. முந்தைய மூன்று மான்களை வீழ்த்தியது 100 கிரெய்ன் எடையுள்ள, கட்டுக்கோப்பான வேட்டைக் குண்டு. துப்பாக்கியில் பொறித்திருந்த எண் இரண்டு முறையும் ஒன்றுதான்.

ஆகவே மணியன் அவர்களே, எந்தத் தோட்டாவை எடுத்தாலும் பெட்டியின் மேல் குண்டின் எடையையும் அது எந்த விலங்குக்கானது என்பதையும் நீங்களே படியுங்கள். குழந்தைகளும் உண்ணப்போகும் இறைச்சி என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள்: ஈயக் குண்டின் நுண்சில்லுகள் காயத்தைச் சுற்றி ஒரு சாணுக்கும் அப்பால் பரவியிருக்கக்கூடும். நாங்கள் இப்போது முழுச் செப்புக் குண்டுக்கு மாறிவிட்டோம். செப்பு ஈயத்தைவிட இலேசானது என்பதால் அதே நீளத்துக்கு எடை குறையும். அது விரிவதற்கு வேகமும் வேண்டும். எனவே அதில் ஓரளவு எடை குறைந்த குண்டைத் தேர்ந்தெடுப்பது வழக்கம்.

முகிலன், மெல்பர்ன் | 8 அக்டோபர், மாலை 5.50

டனீடினுக்குப் போகிறவர் ஒருநாள் கடல் தாண்டி இங்கேயும் வரக்கூடும் என்பதால் ஒரு சட்டச் செய்தி. விக்டோரியா மாநிலத்தில் எந்த மானை எதைக் கொண்டு சுடலாம் என்பதை உங்கள் விருப்பத்துக்கு விடமாட்டார்கள். 2019இல் நான் முதன்முதலாக உரிமம் எடுத்தபோது இருந்த விதி: கடமான், சிவப்பு மான் ஆகியவற்றுக்குக் குறைந்தது .270 அங்குலம், அதாவது 6.85 மிமீ, குண்டின் எடை குறைந்தது 130 கிரெய்ன். ஃபாலோ, புள்ளிமான் போன்றவற்றுக்குக் குறைந்தது .243, எடை 80 கிரெய்ன். விதிகள் மாறக்கூடியவை, புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தோட்டாக்களின் பெயர்கள் உண்மை பேசுவதில்லை. .270 வின்செஸ்டரின் குண்டு உண்மையில் 0.277 அங்குலம். 6.5 கிரீட்மூரின் குண்டு 6.5 மிமீ அன்று, 0.264 அங்குலம், அதாவது 6.7 மிமீ. இப்போது கூட்டிக் கழித்துப் பாருங்கள்: 140 கிரெய்ன் எடையில் நெடுந்தூரம் நேராகப் பறக்கும் 6.5, கடமானுக்கு 0.15 மிமீ குறைவு என்று வாசலிலேயே நின்றுவிட்டது. நான் 6.5 வாங்கிவிட்டு இந்தக் கணக்கைப் பிறகு பார்த்தவன். ஃபாலோ மானோடு இரண்டு ஆண்டுகள் திருப்தியடைய நேர்ந்தது.

கடமான் என்றால் நம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் மிளா என்று அழைக்கிறார்களே, அதேதான். சிங்கப்பூரில் மண்டாய்ப் பக்கம் இரவில் சாலையோரம் நின்று ஓட்டுநர்களைத் திடுக்கிட வைப்பதும் அதே இனம். இங்கே பெரிய கலைமான் முந்நூறு கிலோவை எட்டும். அதற்கு .243 எடுத்துக்கொண்டு போவேன் என்பவரைச் சட்டம் தடுத்தது எனக்கு நியாயமாகவே படுகிறது, 6.5ஐத் தடுத்தது மட்டும் இன்றுவரை உறுத்துகிறது.

புக்கிட் தீமா நடையர் | 9 அக்டோபர், காலை 7.00

மண்டாயில் கடமானைக் காண்பதற்காக விடியற்காலையில் எழுந்து போகிறவன் நான். நீங்கள் எத்தனை கிராம், எத்தனை ஜூல் என்று விவாதித்துக்கொண்டிருக்கிறீர்கள். வருத்தமாக இருக்கிறது. கொல்வதற்கு ஏன் இத்தனை ஆர்வம்?

தென்தீவு வாசி | 9 அக்டோபர், காலை 8.25

நடையர் ஐயா, உங்கள் வருத்தத்தை மதிக்கிறேன். ஆனால் இடம் வேறு. நியூசிலாந்தில் வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் தொல்குடிப் பாலூட்டியே கிடையாது. மான்களை எல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள். டனீடின் இருக்கும் ஒட்டாகோ வட்டாரத்தின் சிவப்பு மான் கூட்டம் 1871இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. அவற்றைத் தின்னும் விலங்கு இங்கே இல்லை, எனவே இளஞ்செடிகளைத் தின்று காட்டின் அடித்தளத்தையே வெறுமையாக்கிவிடுகின்றன. பொதுக் காடுகளில் வேட்டையாட இயற்கைப் பாதுகாப்புத் துறையே கட்டணமின்றி அனுமதிச் சீட்டு தருகிறது. கிராமையும் ஜூலையும் நாங்கள் பேசுவது, கயல் அவர்கள் சொன்ன அந்த இரண்டு மணி நேரம் இன்னொரு மானுக்கு நேரக்கூடாது என்பதற்காகத்தான்.

மார்சிலிங் மணியன் | 10 அக்டோபர், இரவு 11.10

அண்ணன்மார்களுக்கும் கயல் அக்காவுக்கும் நன்றி. .223ஐயும் மேக்னத்தையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது என் ஊசலாட்டம் .243க்கும் 7மிமீ-08க்கும் .308க்கும் நடுவில். இரண்டு கேள்விகள். ஒன்று, மலைக்கென்று 2.7 கிலோவில் வரும் மிக இலேசான ரைஃபிள்களைப் பார்த்தேன். என் உடம்புக்கு அதுவே ஏற்றது என்று தோன்றுகிறது, சரியா? இரண்டு, பிப்ரவரி வரை இங்கிருந்தபடியே ஏதேனும் பழக முடியுமா?

கணக்கர் | 11 அக்டோபர், காலை 12.05

முதல் கேள்விக்கு மட்டும் விடை. அதே .308 தோட்டாவை 3.4 கிலோவிலிருந்து 2.7 கிலோத் துப்பாக்கிக்கு மாற்றினால் 21 ஜூல் 26 ஆகிவிடுகிறது. மலையேறும்போது மிச்சமாகும் எழுநூறு கிராமை, சுடும்போது வட்டியோடு திருப்பிக் கேட்கும்.

தென்தீவு வாசி | 11 அக்டோபர், காலை 6.40

கணக்கர் சொன்னதே என் கருத்தும். ஸ்கோப், வார், தோட்டாக்கள் எல்லாம் சேர்ந்து மூன்றரைக் கிலோவை ஒட்டி இருந்தால் போதும். இங்கே ஒலியடக்கி சட்டப்படி வாங்கலாம், பெரும்பாலோர் பொருத்துகிறார்கள். அது செவியைக் காப்பதோடு உதையையும் கணிசமாகக் குறைக்கும். தோளில் பதியும் பின்கட்டையின் நீளத்தையும் பாருங்கள். உங்கள் உயரத்துக்கு வழக்கமான கட்டை அரை அங்குலம் நீளமாக இருக்கலாம், அப்படியிருந்தால் கண்ணை ஸ்கோப்புக்கு மிக நெருக்கமாகக் கொண்டுபோவீர்கள், உதையில் அது இடித்துப் புருவத்தில் பிறைநிலா விழும். எனக்கு விழுந்த தழும்பு இன்னும் இருக்கிறது.

நீங்கள் பழகிய, விசையை இழுக்க இழுக்க அடுத்த தோட்டா தானே ஏறும் அரைத் தானியங்கி முறையை மறந்துவிடுங்கள். கிறைஸ்ட்சர்ச் படுகொலைக்குப் பிறகு 2019இல் அந்த வகைத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றைத் தடை செய்துவிட்டார்கள். உங்களுக்குரியது போல்ட் ஆக்‌ஷன். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். இரண்டாவது குண்டு மெதுவாகத்தான் வரும் என்று தெரிந்தால் முதல் குண்டில் கவனம் கூடுகிறது.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். சிங்கப்பூரில் வேட்டை ரைஃபிளைத் தொட வழியில்லை, ஆனால் சுவா சூ காங் பக்கத்துச் சுடுதளத்தில் மன்றம் ஒன்றின் வழியாகக் காற்றுத் துப்பாக்கியாவது பழகலாம். உதையே இல்லாத அதில்தான் மூச்சும் விசையும் பழகும். பெரிய தோட்டாவில் தொடங்குபவருக்கு வரும் நோய் திடுக்கிடல். விசை விடுபடுவதற்கு ஒரு கணம் முன்பே கண் மூடும், தோள் முன்னால் தள்ளும், குழல் கீழே சாயும். சுடுபவருக்கு அது தெரியாது, ஏனென்றால் உண்மையான உதை வந்து அதை மறைத்துவிடும். அதனால்தான் வாங்கும் முன் மூன்று தோட்டாக்களையும் சுட்டுப்பார்க்கச் சொல்கிறேன். நண்பர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே பயிற்சிக்குரிய போலித் தோட்டா ஒன்றை உங்களுக்குத் தெரியாமல் கலந்து போடச் சொல்லுங்கள். வெடிக்காத அந்த ஒன்றில் உங்கள் குழல் என்ன செய்கிறது என்று அவர் பார்க்கட்டும். எந்தத் தோட்டாவில் குழல் அசையவில்லையோ அதை வாங்குங்கள்.

வாங்கிய பின் 200 மீட்டருக்குக் குறி நேர்செய்தால், 7மிமீ-08, .308 இரண்டிலும் 100 மீட்டரில் ஐந்தாறு செ.மீ. மேலே படும், 250இல் ஏறத்தாழ பத்து செ.மீ. கீழே. சிவப்பு மானின் நெஞ்சறை அதற்கு இடம் கொடுக்கும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, உடலின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் குறிவையுங்கள். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 150 மீட்டருக்கு மேல் சுடுவதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டால் இந்தக் கணக்குகூடத் தேவையில்லை.

இரும்புத்தோள் | 11 அக்டோபர், பிற்பகல் 12.45

38 ஜூல் என்று எழுதிக் காட்டிய பிறகு வாதாட என்ன இருக்கிறது? ஆனால் .243 வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கிறேன். கயல் அவர்களைப் போல் ஐந்து முறை வழிகாட்டியோடு போனவருக்கு அது சரி. முதல் முறை போகிறவர் பதற்றத்தில் ஒரு கை அகலம் தள்ளித்தான் சுடுவார்.

கயல் | 11 அக்டோபர், பிற்பகல் 2.20

ஒரு கை அகலம் தள்ளி வயிற்றில் பட்டால் .308 மட்டும் மன்னித்துவிடுமா, ஐயா? அந்த மானும் ஓடத்தான் செய்யும். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: எலும்பில் படும்போது கனமான குண்டு உதவும். மணியனுக்கு 7மிமீ-08இன் உதை தாங்குமென்றால் நான் மறுக்கமாட்டேன்.

முகிலன், மெல்பர்ன் | 11 அக்டோபர், இரவு 8.30

எல்லாருக்கும் பொதுவாக ஒன்று. வேட்டைப் பயணம் முடிந்து சிங்கப்பூருக்குத் திரும்புகிறவர்கள், பையின் ஒவ்வொரு உறையையும் கால்சட்டையின் ஒவ்வொரு பையையும் உதறிப் பாருங்கள். படைச் சுடுதளத்திலிருந்து கிளம்பும்போது தோட்டாவோ காலி உறையோ கைவசம் இல்லை என்று வரிசையில் நின்று உரக்கச் சொல்வோமே, விமான நிலையத்துக்கும் அது பொருந்தும். நினைவுப் பொருள் என்று எடுத்துவந்த ஒற்றைத் தோட்டாவும் சாங்கியில் குற்றமாகிவிடும்.

மார்சிலிங் மணியன் | 23 ஆகஸ்ட், மாலை 6.30

பத்து மாதங்களுக்குப் பிறகு இந்த இழைக்குத் திரும்புகிறேன். பாதுகாப்பு வகுப்பு, எழுத்துத் தேர்வு, நேர்காணல், வீட்டில் பூட்டு அலமாரி பார்க்க வந்த அதிகாரி என்று எல்லாம் முடிந்து உரிமம் கைக்கு வந்துவிட்டது. ஏப்ரலில், கலைமான்கள் கனைக்கும் பருவத்தில், மனைவியின் பணியிட நண்பரோடு வெறுங்கையோடு கூடப் போய் வந்தேன். காட்டில் எதிரே இருப்பதைப் பார்க்கக் கண் பழகவே இரண்டு நாட்கள் பிடித்தன.

போன மாதம் அவர் மூன்று ரைஃபிள்களோடு என்னைச் சுடுதளத்துக்கு அழைத்துச் சென்றார். முதலில் .308. ஐந்து குண்டுகளும் ஒரு உள்ளங்கைக்குள் விழுந்தன, மார்க்ஸ்மன் என்ற நினைப்பு தலைக்கேறிவிட்டது. அடுத்த ஐந்தில் அவர் போலித் தோட்டாவைக் கலந்திருக்கிறார். மூன்றாவது முறை விசையை இழுத்தபோது வெடிக்கவில்லை; குழல் மட்டும் கோழி கொத்துவதைப்போல் கீழே குனிந்தது. அவர் சிரிக்கவில்லை, நான்தான் சிரித்தேன். 7மிமீ-08இலும் முதல் முறை குனிந்தது, இரண்டாம் முறை அசையவில்லை. .243இல் தொடக்கத்திலிருந்தே அசைவில்லை.

ஆகவே இரும்புத்தோள் அண்ணன் சொன்னதற்கும் கயல் அக்கா சொன்னதற்கும் நடுவில், 7மிமீ-08 வாங்கினேன். ஸ்கோப்போடும் ஒலியடக்கியோடும் 3.7 கிலோ, கட்டையை 13 மிமீ குறைத்திருக்கிறோம். தோட்டா 140 கிரெய்ன். குண்டு எதற்கானது என்று பெட்டியில் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன்.

சென்ற சனிக்கிழமை மலைமுகட்டுக்குக் கீழே எழுபது மீட்டரில் ஒரு ஃபாலோ பிணை பக்கவாட்டில் நின்றது. ஸ்கோப்பில் மயிர்க்கால் தெரிந்தது, உதையைப் பற்றிய நினைப்பே வரவில்லை. ஆனால் அதன் பின்னால் மண் இல்லை, வானம்தான் இருந்தது. குண்டு போய் நிற்கும் இடம் தெரியவில்லை. விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். அது இன்னும் நான்கைந்து அடி நடந்து முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது.

வரும் வெள்ளிக்கிழமை மறுபடியும் போகிறோம், இந்த முறை பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கத்திலிருந்து. முகட்டிலிருந்து கீழ்நோக்கிச் சரிவாகச் சுடும்போது குறியைச் சற்றுத் தாழ்த்த வேண்டும் என்கிறார் நண்பர். எழுபது எண்பது மீட்டரில் அது எவ்வளவு இருக்கும் என்று கணக்கர் போட்டுச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கணக்கர் | 23 ஆகஸ்ட், இரவு 9.55

முப்பது பாகைச் சரிவில், எண்பது மீட்டரில், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. தாழ்த்தாதீர்கள், நேரே குறிவையுங்கள். ஆனால் மேலிருந்து பார்க்கும்போது நெஞ்சறை வேறு இடத்தில் இருப்பதுபோல் தெரியும். குண்டு எந்தப் பக்கமாக வெளியேற வேண்டும் என்று எண்ணிப் பார்த்து, அதற்கேற்ப நுழையும் இடத்தை முதுகுப் பக்கமாகச் சற்று உயர்த்திக்கொள்ளுங்கள்.